கமருன்னிசா பேர் போட்ட கேக்

இல்லக்கா, அரைக் கிலோவே போதும். ஒரு கிலோ வாங்கிகினு போனா யாரு சாப்பிடறது? பைனாப்பிள்தான், ஆமா, போன வருஷம் போட்டீங்களே, அதே மாதிரி. மேல இன்னா எழுதணும்னு கடைசியா சொல்றேன். நீங்க மொதல்ல க்ரீமை அடிங்க. நாளைக்குக் காலை வரைக்கும் உங்களுக்கு ஆர்டர் கெடக்கு போல, டேபிள்லயும் டப்பா, சோபாவுலயும் டப்பா, மனுஷங்க எங்க உக்கார்றதாம்? வேணாம், எடுக்காதீங்க, நான் இந்த ஸ்டூல்லயே உக்காந்துக்கறேன். தண்ணி மட்டும் குடுங்க. கத்திரி வெயில்ல மண்டை பொளக்குது. கேம்ப் ரோடுல ஷேர் ஆட்டோ ஏறினேன், மாடம்பாக்கம் உள்ள வர மாட்டேன்னு மெயின் ரோட்டுலயே எறக்கி விட்டுட்டுப் போய்ட்டான். நல்லா இருப்பான்.

ஏன்க்கா அப்படிப் பாக்கறீங்க? ஆமா, அவருதான் சொன்னாரு. யாசீனேதான், எங்க வூட்டுக்காரரேதான். இன்னிக்குக் காலையில தொழுதுட்டு வந்தவரு அடுப்பாங்கரை வாசல்ல நின்னுகினு, இஃப்ராவோட டீச்சரம்மா கேக் போடுவாங்கல்ல, நாளைக்கு அம்மாவுக்கு ஒண்ணு சொல்லிட்டு வந்துடுன்னாரு. எனக்குக் கையில இருந்த கரண்டி அப்படியே நின்னுபோச்சு. நாளைக்கு இன்னா நாளுன்னு தெரிஞ்சுதான் பேசறாரான்னு மூஞ்சியப் பாத்தேன். தெரிஞ்சுதான் பேசறாரு. அன்னையர் தினம்னா அந்த மனுஷன் எவ்ளோ பேசியிருக்காரு தெரியுமா, அவரு வாயில இருந்து கேக்குன்னு வருது. நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க, நானும் வெளியாளா இருந்தா சிரிச்சிருப்பேன்.

அவரு அம்மாவா? மாமி அப்படியேதான் இருக்காங்க. நோம்பு மாசத்துல விழுந்தவங்க எழுந்திருக்கவே இல்லையே. வலது பக்கம் கையும் காலும் போச்சு, கூடவே பேச்சும் போச்சு. மூக்குல டியூப் மாட்டி விட்ருக்காங்க, கஞ்சித் தண்ணி, மாத்திரைத் தூளு எல்லாம் அது வழியாத்தான் உள்ள போவுது. இல்லக்கா, கேக்கெல்லாம் சாப்பிட முடியாது. தொண்டையில போனா பொரை ஏறிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் மொதல்லயே அரைக் கிலோ போதும்னேன்.

சாப்பிட முடியாதவங்களுக்கு எதுக்குக் கேக்குன்னுதானே யோசிக்கறீங்க? சொல்றேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிகினு இருக்கேன். எங்க ஆளுங்க கிட்ட இதைப் பேச முடியாது. பேசினா ஒருத்தரு ஹதீஸ் சொல்வாரு, ஒருத்தரு அழுவாரு. நீங்க ரெண்டும் பண்ண மாட்டீங்க, க்ரீமைத்தான் கலக்குவீங்க.

அவரைப் பத்தித் தப்பா நெனச்சிடாதீங்க, அதை மொதல்ல சொல்லிடறேன். ஊர்ல எத்தனையோ புள்ளைங்க இருக்கு, யாசீன் மாதிரி அம்மாவைப் பாத்துகிட்ட ஒரு புள்ளையை நான் பாக்கலை. அந்த வெள்ளத்தப்போ நாங்க முடிச்சூர்ல கீழ் வூட்ல வாடகைக்கு இருந்தோம். இஃப்ரா கைக்கொழந்தை. விடிஞ்சு பாத்தா கட்டில் மெதக்குது. எங்க மாமனாரு அப்துல் கஃபார் அதுக்கு முந்தின வருஷம்தான் மவுத்தாயிருந்தாரு, வூட்ல வேற ஆம்பளை கெடையாது. அவரு எங்களை மாடி வூட்டுக்கு ஏத்தி விட்டுட்டு, திரும்பி வந்து அம்மாவை முதுகுல ஏத்திகிட்டாரு. மாமி அப்ப நல்ல கனம். மாடிப்படி வரைக்கும் கழுத்தளவு தண்ணியில சுமந்துகினு வந்தாரு. அம்மா, என் கழுத்தை இறுக்கமா புடிச்சிக்கங்க, என் கழுத்தை இறுக்கமா புடிச்சிக்கங்கன்னு கத்திகினே வந்தது இன்னிக்கும் என் காதுல கேக்குது.

அதுக்கப்புறம்தான் இந்த கேம்ப் ரோடு பக்கம், மொத மாடியா பாத்து வந்தோம். அம்மா ரூமுக்குத்தான் மொதல்ல ஏசி போட்டாரு. மேற்கு தாம்பரத்துல ஏசி கடை வெச்சிருக்கற மனுஷன், எங்க ரூமுக்கு மூணு வருஷம் கழிச்சிதான் போட்டாரு, அதுவும் எவனோ வேணாம்னு கழட்டிப் போட்ட பழசு. தெனம் ராத்திரி அம்மா காலுக்கு எண்ணெய் தேச்சி அமுக்கி விடாம படுக்க மாட்டாரு. மாத்திரை டப்பா அவரு கையிலதான். எனக்கு சில நேரம் எரிச்சலாக்கூட வரும், நீ எதுக்குடா கல்யாணம் பண்ணன்னு மனசுக்குள்ள திட்டுவேன். அவரு கிட்ட சொன்னதில்லை.

பள்ளிவாசல்ல சாயங்காலம் மஃரிபு தொழுகைக்கு அப்புறம் சில நாள் அவரு பயான் பண்ணுவாரு. பிரசங்கம் மாதிரிதான்க்கா, உங்க சர்ச்சுல பண்றாங்கல்ல, அது மாதிரி. பெரிய ஆலிம் எல்லாம் இல்லை, படிச்சதை எளிமையா சொல்வாரு, கொரல் நல்லா இருக்கும். அம்மாவைப் பத்திப் பேசினாருன்னா ஆம்பளைங்க துண்டால மூஞ்சைத் தொடச்சிகினு வருவாங்கன்னு கேள்வி. ஒருத்தரு அம்மாவை முதுகுல சுமந்துகினே காபாவைச் சுத்தி வந்துட்டு, நான் எங்கம்மாவுக்குப் பட்டதைத் தீத்துட்டேனான்னு கேட்டாராம். பிரசவத்துல அவ விட்ட ஒரு பெருமூச்சுக்குக்கூட அது ஈடாவலைன்னு பதில் வந்துச்சாம். ஆனா அவரே அம்மாவை முதுகுல சுமந்ததை ஒரு தடவைகூட யார் கிட்டயும் சொன்னதில்லை. பெருமைக்குப் பேசின மாதிரி ஆயிடுமாம்.

அன்னையர் தினம் வந்தா மட்டும் மனுஷனுக்குக் கோவம் வந்துடும். வருஷத்துல ஒரு நாள் அம்மாவுக்குன்னு ஒதுக்கினா மத்த நாளு யாருக்காம்? நம்ம மார்க்கத்துல அம்மாவுக்கு நாள் குறிக்கலை, தெனமும் அவங்களுக்குத்தான், பொறந்த நாளு, அந்த நாளு, இந்த நாளுன்னு அடுத்தவங்க பண்றதைப் பாத்து நாம ஏன் ஆடணும்னு பேசுவாரு. தப்பா பேசறாருன்னும் சொல்ல முடியாது. தெனமும் கால் அமுக்கற புள்ளை கிட்ட போயி ஒரு நாளாவது கொண்டாடுடான்னு யாரு சொல்றது?

இப்போ போன வருஷத்துக் கேக்குக்கு வரேன். அது இன்னா ஆச்சுன்னு உங்க கிட்ட நான் சொல்லவே இல்லைல? நல்லா இருந்துச்சுன்னு பொய் சொல்லிட்டேன்க்கா. நாங்க யாரும் வாயில வெக்கலை.

இஃப்ராதான் லீவு விடறதுக்கு முன்னாடியே ஸ்கூல்ல வந்து உங்க கிட்ட சொல்லியிருக்கா. அன்னையர் தின வாழ்த்துன்னு போடவான்னு நீங்க கேட்டதுக்கு, ஐயோ மிஸ், அது போட்டா எங்கத்தா திட்டுவாரு, எங்க பாட்டி, நன்னிமா பேரு மட்டும் போடுங்கன்னாளாமே. வெவரம் பாருங்க. பேரு மட்டும் இருந்தா அது சும்மா கேக்கு, எந்த தினமும் இல்லை. யாரு புள்ளை! நீங்களும் தமிழ்ல அழகா எழுதிக் குடுத்தீங்க, சுத்தி சின்னச் சின்ன ரோஜா வெச்சி.

டப்பாவைத் தெறந்ததும் மாமி அப்படியே பாத்துகினே நின்னாங்க. அவங்களை யாரும் பேரு சொல்லிக் கூப்பிடறதே இல்லையே. தெருவுல யாசீன் அம்மா, சொந்தத்துல கஃபார் வூட்டம்மா, எனக்கு மாமி. கமருன்னிசான்னு எழுத்து கூட்டிப் படிச்சாங்க. ஆதார் கார்டுல பாத்திருக்கேன், ஆஸ்பத்திரிச் சீட்டுல பாத்திருக்கேன், தித்திப்புல இப்பதான் பாக்கறேன்னு சொல்லிட்டு அப்படி ஒரு சிரிப்பு. போயி மூஞ்சி கழுவிகினு பச்சைப் பொடவை ஒண்ணு வெச்சிருந்தாங்க, பெருநாளைக்குத்தான் கட்டுவாங்க, அதைக் கட்டிகினு வந்து உக்காந்துட்டாங்க.

அப்பவே வெட்டியிருக்கலாம்க்கா. நானும் இஃப்ராவும் வெட்டுங்க வெட்டுங்கன்னோம். மாமிதான் யாசீன் வரட்டும், மொத துண்டு அவனுக்கு ஊட்டிட்டுத்தான் எனக்குன்னாங்க. மே மாசம், ஏசிக்காரனுக்கு மூச்சு விட நேரமில்லாத மாசம். இஷா தொழுகை எல்லாம் முடிச்சி அவரு வர்ற வரைக்கும் அந்தப் பொடவையோட உக்காந்துகினு இருந்தாங்க.

வந்தாரு, பாத்தாரு. சத்தம் போடலைக்கா, சத்தம் போட்டிருந்தா நான் திருப்பிப் போட்டிருப்பேன். கை கால் கழுவிகினு வந்து அம்மா காலடியில உக்காந்தாரு. எண்ணெய் எடுத்து வழக்கம் போல காலை அமுக்க ஆரம்பிச்சாரு. அமுக்கிகினே பொறுமையா எடுத்துச் சொல்றாரு. பேரு மட்டும் போட்டாலும் நாளு அந்த நாளுதானேம்மா, எண்ணம்தானேம்மா கணக்கு, நம்ம வூட்ல இன்னிக்கு இதை விட்டா நாளைக்கு இஃப்ரா எதை எதையோ கொண்டாடுவாளேம்மா, உங்களுக்குக் கேக்கு வேணும்னா நாளான்னிக்கு நானே வாங்கியாறேன்மா. மாமி காலு அவரு மடியில. கண்ணு கேக்கு மேல. அவரு முடிக்கற வரைக்கும் கேட்டுட்டு, சரிப்பான்னாங்க. அவ்ளோதான். அவரு கேக்கை வீணாக்கக் கூடாதுன்னு டப்பாவோட எடுத்துகினு போயி கீழ வாட்ச்மேன் அசரியா வூட்ல குடுத்துட்டு வந்தாரு. மாமி எழுந்து, தொடாத கத்தியைக் கழுவித் தொடச்சி உள்ள வெச்சாங்க.

நாளான்னிக்கு வாங்கியாந்தாரான்னா, வாங்கியாந்தாரு. பேக்கரில ஏதோ ஒரு ப்ளம் கேக்கு. மாமி ஒரு துண்டு தின்னாங்க, நல்லா இருக்குப்பான்னாங்க. அதுல பேரு இல்லை.

இதுல இன்னொரு பேஜாரு என்னன்னா, அன்னிக்கு சாயங்காலம் கடையிலயே உக்காந்து அவரு ஒரு வாய்ஸ் பேசி குரூப்ல போட்டிருக்காரு. தாயைக் கொண்டாட ஒரு நாள் எதுக்குன்னு. அது எங்கெங்கயோ சுத்தி, யாரோ ஆம்பூர்ல இருக்கற சொந்தக்காரங்க மாமி போனுக்கே அனுப்பிட்டாங்க, உன் மவன் எப்படிப் பேசறான் பாருன்னு. மாமி ரூமுல உக்காந்து முழுசாக் கேட்டாங்க. ரெண்டாந்தடவையும் போட்டுக் கேட்டாங்க. நான் காபி குடுக்கப் போனப்போ, நல்லா பேசறான்லன்னு என்னைக் கேட்டாங்க. ஆமா மாமின்னுட்டு வந்துட்டேன்.

அட, நீங்க ஏன்க்கா கண்ணு கலங்கறீங்க. வெங்காயம்கூட நறுக்கலை. இதுக்கே இப்படின்னா மீதியை எப்படிக் கேப்பீங்க.

மழைக் காலத்துல மாமிக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சுல்ல, அப்பதான் அடுத்தது நடந்துச்சு. அவங்க வூட்டுப் பக்கம் ஒரு வழக்கம் இருக்கு. எல்லா முஸ்லிம் வூட்லயும் இருக்குன்னு சொல்ல மாட்டேன், பல்லாவரத்துல எங்கம்மா வூட்ல நான் கேள்விப்பட்டதே இல்லை. பெத்தவ ஹஜ்ஜுக்குப் போறப்போ, இல்ல ஆபரேஷனுக்குப் போறப்போ, இல்ல சாகக் கெடக்கறப்போ, புள்ளையைக் கிட்டக் கூப்பிட்டு, உனக்கு நான் குடுத்த பாலை உனக்கு ஹலால் பண்ணிட்டேன்னு சொல்லணும். அப்படின்னா, உனக்குன்னு நான் பட்டதுக்கு எதையும் கேக்க மாட்டேன், அல்லா கிட்டயும் உன் மேல கொறை சொல்ல மாட்டேன், மனசாரக் குடுத்துட்டேன், நீ நிம்மதியா இருன்னு அர்த்தம். புள்ளைங்களும் போயி, அம்மா, பாலை ஹலால் பண்ணுங்கன்னு கையைப் புடிச்சிக் கேப்பாங்க. அந்த வார்த்தை கேக்காம அம்மா போய்ட்டா, அந்தப் பாரம் புள்ளை மேலயே நின்னுடும்னு அவங்களுக்கு ஒரு பயம். மாமியோட அம்மா சாகறப்போ மாமிக்குச் சொன்னாங்களாம். அதைச் சொல்றப்ப எல்லாம் மாமி தலையில முக்காட்டை இழுத்து விட்டுகினுதான் சொல்வாங்க, அவ்ளோ மரியாதை அதுக்கு.

அன்னிக்கு ஆஸ்பத்திரியில தள்ளு கட்டில்ல படுக்க வெச்சி உள்ள கூட்டிகினு போறாங்க. கதவுகிட்ட மாமி நிறுத்தச் சொன்னாங்க. யாசீன் கையைப் புடிச்சாங்க. கண்ணா, உனக்கு நான் குடுத்த பாலைன்னு ஆரம்பிச்சாங்க. பாலைங்கற வார்த்தை வரைக்கும்தான் வந்துச்சு. இவரு குனிஞ்சி, வேணாம்மா, இதெல்லாம் ஊர் வழக்கம்மா, நம்ம மார்க்கத்துல இல்லம்மா, இந்த நேரத்துல கலிமா சொல்லுங்கம்மான்னாரு. அவருக்கும் பயம்க்கா, அம்மா கடைசியா பேசறது அல்லாவைச் சாட்சி சொல்ற கலிமாவா இருக்கணும்னு நெனச்சிருப்பாரு. மாமி அவரை ஒரு பார்வை பாத்தாங்க. வாயை மூடிகினாங்க. அப்புறம் கலிமா சொன்னாங்க, கட்டிலைத் தள்ளிகினு போய்ட்டாங்க.

ஆபரேஷன் நல்லாவே ஆச்சு. வூட்டுக்கு வந்தாங்க, நடந்தாங்க, எங்கூட சண்டைகூட போட்டாங்க. எல்லாம் சரியாப் போச்சுன்னுதான் நெனச்சோம். நோம்பு வந்துச்சு. ஒரு நாள் நோம்பு தெறக்கற நேரம், எல்லாரும் பாயில உக்காந்திருக்கோம், பாங்கு சொல்லியாச்சு. மாமி பேரீச்சம்பழத்தைக் கையில எடுத்தாங்க. வாய்க்குக் கொண்டு போறாங்க, கை எழும்பலை. பழம் மடியில விழுந்துச்சு. மாமின்னேன். என்னைப் பாத்து என்னமோ சொல்ல வந்தாங்க, கோணலா ஒரு சத்தம்தான் வந்துச்சு. அன்னியில இருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கெடையாது.

அப்ப ஆரம்பிச்சதுதான்க்கா எங்க வூட்டுக்காரருக்கு. ஆஸ்பத்திரியில இருந்து வூட்டுக்குக் கூட்டியாந்த மொத நாளு, அம்மா காலை அமுக்கிகினு இருந்தவரு திடீர்னு அவங்க காலு மேலயே தலையை வெச்சி, அம்மா, பாலை ஹலால் பண்ணிட்டேன்னு சொல்லிடுங்கம்மான்னாரு. நான் கதவாண்ட நின்னுகினு இருந்தேன். மார்க்கத்துல இல்லன்னு சொன்ன அதே வாயி. கேட்டேனே, அப்புறமா கேட்டேன், அதுதான் இல்லன்னீங்களே, இல்லாததுக்கு எதுக்கு அழறீங்கன்னு. இல்லதான், ஆனா அவங்க குடுக்க வந்தாங்களே சாஜிதா, நான்தானே வாயை மூட வெச்சேன்னாரு.

பள்ளிவாசல் ஹஸ்ரத்து கிட்டயும் போனாரு. ஹஸ்ரத்து நல்ல மனுஷன். பால் ஹலால் பண்றதுன்னு ஷரீயத்துல ஒண்ணும் இல்லை தம்பி, நீ மனசைப் போட்டுக் கொழப்பிக்காதே, தாயோட பொருத்தம், அதான் தாயோட மன நிறைவு, கெடைச்சா போதும், கிட்ட இருந்து பணிவிடை செய், துஆ செய்னு சொல்லி அனுப்பினாரு. ஆறுதலா சொன்னாரு. இவரு வூட்டுக்கு வந்து, தாயோட பொருத்தம் கெடைச்சா போதுமாம், அது கெடைச்சிதா இல்லையான்னுதானே நான் கேக்கறேன், அதை யாரு சொல்வான்னு செவுத்தைப் பாத்துகினு உக்காந்துட்டாரு. பயானுக்கும் போறதில்லை இப்போ. கூப்பிட்டா தொண்டை சரியில்லைங்கறாரு.

கடையா? கடை மூடித்தான் இருக்கு. பாத்தீங்களா, அந்தப் பக்கம் போனப்போ? மே மாசத்துல தாம்பரத்துல ஏசி கடை மூடிக் கெடக்குதுன்னா அந்த மனுஷன் எப்படி இருக்கான்னு பாத்துக்கங்க. போன் அடிச்சிகினே இருக்கு. எடுக்கறதில்லை. நாள் முழுக்க அம்மா பக்கத்துலயே. பொரட்டிப் படுக்க வெக்கறது, தொடச்சி விடறது எல்லாம் அவருதான், என்னைத் தொட விட மாட்டேங்கறாரு.

பிசியோவுக்கு ஒரு பொண்ணு வருது, சின்மயின்னு பேரு. நல்ல பொண்ணு. அதுதான் மாமிக்கு ஒரு வழி சொல்லிக் குடுத்துச்சு. கேக்கறதுக்கு ஆமான்னா கண்ணை மூடித் தெறக்கணும். இல்லன்னா மூடாம பாக்கணும். ரெண்டு மூணு நாள்லயே மாமி புடிச்சிகினாங்க. தண்ணி தொட்டு ஒதட்டுல வெக்கவான்னா கண்ணை மூடுவாங்க. ஏசியைக் கொறைக்கவான்னா மூடுவாங்க. இஃப்ராவைக் கூப்பிடவான்னா ரெண்டு தடவை மூடுவாங்க. டிவி போடவான்னா மூட மாட்டாங்க.

அவருக்கு உசிரு வந்த மாதிரி ஆயிடுச்சு. அன்னிக்கே மண்டி போட்டு உக்காந்து கேட்டாரு. அம்மா, எனக்குப் பாலை ஹலால் பண்ணிட்டீங்களாம்மா? மாமி பாத்தாங்க. அவரு மூஞ்சியவே பாத்தாங்க. கண்ணை மூடலை. மறுபடியும் கேட்டாரு, பாத்துகினே இருந்தாங்க. கண்ணுல தண்ணி வழியுது, ஆனா மூடலை. அப்புறம் தெனமும் கேக்கறாரு. காலையில ஒரு தடவை, கால் அமுக்கறப்போ ஒரு தடவை. ஒரு நாளும் மூடலை.

டாக்டர் கிட்டப் போயிக் கேட்டதுக்கு, மூளையில அடிபட்ட இடம் அப்படி, சின்னச் சின்ன விஷயம்தான் புரியும், பெருசா கேட்டா புரியாதுன்னு சொல்லிட்டாரு. சின்மயியும் அதேதான் சொல்லுச்சு. அதைத்தான் இப்போ கெட்டியா புடிச்சிகினு இருக்காரு. அம்மாவுக்குப் புரியலை, அதான் பதில் வரலை, புரிய வெச்சா கண்ணை மூடிடுவாங்கன்னு. அதுக்குத்தான்க்கா இந்தக் கேக்கு. போன வருஷத்து மாதிரியே கேக்கை எதுருல வெச்சி, பேரைக் காட்டி, அன்னிக்கு நடந்ததுக்கு மன்னிப்புக் கேட்டுட்டு, அப்புறம் பாலைப் பத்திக் கேக்கப் போறாராம். கண்ணால பாத்தா ஞாவகம் வந்துடும், புரிஞ்சிடும்ங்கறாரு. பச்சைப் பொடவையை அலமாரியில இருந்து எடுத்து அவரே இஸ்திரி போட்டு வெச்சிருக்காரு, அம்மா மேல போத்தி விடறதுக்கு. நாளைக்கு அம்மா கண்ணை மூடுவாங்க பாருன்னு எங்கிட்ட சொல்றாரு. சின்னப் புள்ளை மாதிரி சொல்றாரு.

நானா? மூடுவாங்கன்னேன். வேற இன்னா சொல்லச் சொல்றீங்க. மூடலைன்னாலும் பயப்படாதீங்க, அவங்களுக்குப் புரியலைன்னு அர்த்தம், டாக்டரே சொல்லியிருக்காருல்லன்னும் சொல்லி வெச்சிருக்கேன். தெனமும் அதைத்தான் சொல்றேன். அதைச் சொல்லித்தான் மனுஷனை ரெண்டு வாய் சோறு சாப்பிட வெக்கறேன்.

க்ரீம் போதும்க்கா, ரொம்ப வழிக்காதீங்க. ரோஜா வெக்கறீங்களா? வெய்யுங்க, போன தடவை வெச்ச மாதிரி.

மாமி விழுந்தாங்கல்ல, அதுக்கு முந்தின நாள் நானும் அவங்களும் நோம்புக் கஞ்சிக்குப் பூண்டு உரிச்சிகினு இருந்தோம். நான்தான் சும்மா இல்லாம வாயைக் குடுத்தேன். மாமி, அன்னிக்கு ஆஸ்பத்திரியில அவரு தடுத்துட்டாரு, நோம்பு மாசம், நல்ல மாசம், இப்பவாவது அந்த வார்த்தையை அவருக்குச் சொல்லிடுங்களேன்னு. மாமி கோவப்படலை. பூண்டுலயே கண்ணு. எல்லாத்தையும் மார்க்கத்துல இருக்கான்னு பாத்துப் பாத்து செஞ்சான்மா, அம்மாவுக்குப் புடிச்சிருக்கான்னு ஒரு நாள் பாக்கலைன்னாங்க. அப்புறம் உரிச்ச தோலை எல்லாம் முந்தானையில இருந்து தட்டி விட்டுட்டு, அதான் இல்லன்னு அவனே சொல்லிட்டானே, இல்லாததை நான் எங்க இருந்து குடுப்பேன், இனிமே அவனே வந்து கேட்டாலும் பண்ண மாட்டேன்னாங்க. சொல்லிட்டு, இந்தப் பூண்டு பத்துமா பாரும்மான்னாங்க.

பேரு மட்டும் எழுதுங்கக்கா. கமருன்னிசா. தமிழ்லயே, கொஞ்சம் பெருசா, அவங்க படுத்துகினேதான் படிக்கணும். கை ஏன்க்கா நின்னுபோச்சு? எழுதுங்க, க்ரீம் உருகுது.